கால் பங்கு

கல்மண்டபம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால்
டீக்கடை பெஞ்சில் நாங்கள் நாலு பேர்.
ஆளுக்குக் கால் பங்கு,
ஒரே ஒரு விமானம்.
இரண்டு இருக்கை, துணி இறக்கை,
சோழவரம் தாண்டி ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகையில் நிற்கிறது.
கோழிகள் போய்விட்டன.
நாற்றம் வாடகையில் சேர்த்தி.

வெள்ளிக்கிழமை ராத்திரிப் பேச்சு
பெட்ரோலில்தான் தொடங்கும்.
எத்தனால் கலந்ததைப் போட்டால்
கார்புரேட்டர் ரப்பர் ஊறிப்போகும் என்பார் டெரிக்.
பெரம்பூர் ரயில்பெட்டி ஒர்க்ஷாப்பில் முப்பது வருஷம்.
ஊறுகாய் பாட்டிலில் இரண்டு விரற்கடை பெட்ரோல் கொண்டுவந்து
குலுக்கிக் காட்டுவார்.
டீக்கடைக்காரர் அடுப்பைக் காட்டி
வெளியே போகச் சொல்வார்,
வாராவாரம்.

கேவல்சந்துக்கு மெடிக்கல் கவலை.
சௌகார்பேட்டையில் பாத்திரக் கடை,
எதிரே ஜிலேபிக் கடை.
பரிசோதனைக்கு மூன்று வாரம் இருக்கும்போது மட்டும்
வெந்தயத் தண்ணீர்.
"நூத்தி எண்பது மணி நேரம் பறந்திருக்கேன்.
ஒரு நிமிஷம் நாடி துள்ளினா
எல்லாம் போச்சா?"

சபீனா மண்ணடியில் பல் டாக்டர்.
ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி
கடைவாய்ப் பல் மாதிரி வெளிச்சத்தில் திருப்புவாள்.
பழைய தமிழில் கால் என்றால் காற்றாம்,
அவள் மகள் பாடப் புத்தகத்தில் இருக்கிறதாம்.
"அப்போ காத்துலயும் நமக்கு ஷேர் இருக்கு மேன்"
என்றார் டெரிக்.
டீக்காசு மட்டும் அன்றைக்கும் அவர் கொடுக்கவில்லை.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறேன்.
முப்பத்தைந்து மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டு.
அங்கிருந்து எண்ணூர்ப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து
மூன்று பேருக்கும் சொல்வேன்:
கடற்காற்று பதினொன்றுக்கு வந்துவிடும்,
அதற்குள் இறங்கிவிடு.
நாற்பது அடிப் பெட்டியை லாரி மேல்
முட்டை மாதிரி வைப்பவன் என்று எனக்குப் பெயர்.

போன மாதம் விமானத்தின் முன்கால் வளைந்திருந்தது.
யார் என்று யாரும் கேட்கவில்லை.
எல்லோரும் நோட்டைப் புரட்டினோம்.
நாலு கையெழுத்திலும் ஒரே வரி:
லேண்டிங் நார்மல்.
ஆடு குறுக்கே வந்திருக்கும் என்றார் கேவல்சந்த்.
மாஞ்சா நூல் சுற்றியிருக்கும் என்றாள் சபீனா.
மாஞ்சா இரும்பை வளைக்குமா என்று
டெரிக் என்னைப் பார்த்தார்.

நான்தான்.
பதினொன்றே கால், பக்கவாட்டில் காற்று.
கிரேனில் நேர்கீழே பார்த்தே பழகிய கண்;
விமானத்தில் தூரத்தைப் பார்க்க வேண்டும்.
தரை அரை நொடி முன்னாலேயே வந்துவிட்டது.
பல் கடகடத்தது.
யாரும் பார்க்கவில்லை,
ஒரு நாரை தவிர.

காசிமேட்டில் போட் எஞ்சின் பட்டறைக்கு
அந்தக் காலைக் கோணியில் சுற்றி எடுத்துப்போனேன்.
பெஞ்சலய்யா வெற்றிலை எச்சிலைத் துப்பிவிட்டு
கட்டைவிரலால் நீளநெடுகத் தடவினார்.
"இது ஒரே அடியில மடங்குனது இல்ல சார்.
இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு,
தோ, இது ரொம்பப் பழசு.
நாலஞ்சு தபா வாங்கிருக்கு.
கடைசியா வாங்குனது தாங்கல, அவ்ளோதான்."

மீன் ஐஸ் லாரி ஒன்று பின்னால் வர
ஓரமாக நகர்ந்து நின்றேன்.
சிரிப்பு வந்தது.
கொஞ்சம் கோபமும்:
இரண்டு வாரமாக
நான் மட்டும்தானே தூங்கவில்லை?

அடுத்த வெள்ளிக்கிழமை பில்லை நீட்டினேன்.
மூவாயிரத்து எண்ணூறு.
பெஞ்சலய்யா சொன்னதைச் சொல்லவில்லை.
வடை பாதி விலையா முழு விலையா என்று
கடைக்காரரோடு மல்லுக்கட்டும் கேவல்சந்த்
ஆயிரம் ரூபாயை எடுத்து வைத்தார்,
மீதி கேட்கவில்லை.
சபீனா உடனே போனில் அனுப்பினாள்.
டெரிக் பாட்டிலைக் குலுக்காமல்
அன்றைக்கு டீக்காசும் கொடுத்தார்.

அந்த ஐம்பது ரூபாய்
இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.
ஞாயிற்றுக்கிழமை முதலில் யார் பறப்பது என்று கேட்டேன்.
"நீ போ", "நீ போயேன்" என்று
மூன்று பேரும் ரொம்ப மரியாதை.